சோறு பிடிக்கப் போகலாம்: டோக்கியோவில் சுஷி வகுப்பு, முதல்முறை போகிறவர்களுக்கு

ஜப்பானிய மொழியில் 'நிகிரு' என்றால் கையால் பிடிப்பது. மேலே மீன் துண்டு வைத்த சுஷியை நிகிரி சுஷி என்கிறார்கள் அல்லவா, அதைத் தமிழில் 'பிடி சுஷி' என்று சொல்லிவிடலாம், நம்ம பிடி கொழுக்கட்டை மாதிரி. எதைப் பிடிக்கிறோம்? சோற்றை. மீன் மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இது தெரியாமல்தான் என் முதல் வகுப்பைப் படங்களைப் பார்த்துப் பதிவு செய்தேன். பளபளக்கும் சூரை மீன், ஆரஞ்சு நிறச் சால்மன், தலையில் துண்டு கட்டிய சமையல்காரர். போய்ப் பார்த்தால் சோறு ஏற்கெனவே கலந்து, ஒரு டப்பாவில் மூடி வைத்திருந்தது. மீனையும் வெட்டித் தட்டில் அடுக்கியிருந்தார்கள். அந்தச் சோற்றை எடுத்து இந்த மீனுக்கு அடியில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். எழுபது நிமிடத்தில் முடிந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது. ஊர் திரும்பியதும் செய்து பார்க்க ஒன்றும் கையில் இல்லை. மூன்று நாள் கழித்து என் தங்கையோடு போன இரண்டாவது வகுப்பில் மீன் வகைகள் பாதிதான். ஆனால் வினிகரைச் சோற்றில் கலப்பதிலிருந்து ஆரம்பித்தார்கள். இன்றுவரை வீட்டில் நான் செய்வதெல்லாம் அந்த இரண்டாவது வகுப்பில் படித்ததுதான்.

ஆகவே பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "சோற்றை நாங்களே கலப்போமா?"

எந்த வகுப்பு?

சுற்றுலாப் பயணிகளுக்கான வகுப்புகளை மூன்று வகையாகப் பார்க்கலாம். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை நடக்கும் குறுகிய வகுப்பு. நான் முதலில் போனது இந்த வகை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், ஒரு நாளில் நான்கு இடம் பார்க்க வேண்டும் என்று ஓடுகிறவர்களுக்கும் இது போதும். அடுத்தது இரண்டு முதல் மூன்று மணி நேர வகுப்பு. சோறு கலப்பது, சுருள் செய்வது, நிகிரி பிடிப்பது, சில இடங்களில் முட்டையை மடித்து மடித்துச் செய்யும் தமகோயாகி, கடைசியில் மிசோ என்ற நொதித்த சோயா விழுதில் செய்த சூப். என் பரிந்துரை இதுதான். மூன்றாவது, காலையில் மீன் சந்தையைச் சுற்றிக் காட்டிவிட்டு அழைத்துப்போகும் வகுப்பு. இதில் சந்தைக்கு எவ்வளவு நேரம், சமையலுக்கு எவ்வளவு நேரம் என்று பிரித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அதில் பாதி நேரம் நடையிலேயே போகும்.

தொழிலாகவே கற்பிக்கும் சுஷிப் பள்ளிகளும் இருக்கின்றன, வாரக்கணக்கில், மாதக்கணக்கில். அது வேறு உலகம். பழைய முறையில் ஒரு கடையில் சேர்ந்து தொழில் பழகுவதைப் பற்றி ஜப்பானில் ஒரு சொலவடை உண்டு: சோறு வடிக்க 3 ஆண்டு, பிடிக்க 8 ஆண்டு. அவர்கள் கணக்கிலேயே முதலில் வருவது சோறுதான், கவனியுங்கள்.

விலை இடத்துக்கு இடம் மாறும். பெரும்பாலான வகுப்புகள் ஒருவருக்கு 6,000 முதல் 15,000 யென்னுக்குள் அடங்கிவிடும். 100 யென்னை ஐம்பத்தைந்து, அறுபது ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு இதிலேயே அடக்கம், நீங்கள் செய்ததுதான் உங்கள் சாப்பாடு. டிப்ஸ் கிடையாது. கொடுத்தாலும் சங்கடப்படுவார்கள்.

பதிவுப் பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர். எட்டுப் பேருக்கு மேல் போனால் உங்கள் கையை யாரும் பார்க்கமாட்டார்கள். இன்னொன்று, குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. ஆள் சேராவிட்டால் சில இடங்களில் முந்தைய நாள் ரத்து செய்துவிடுவார்கள். பயணத்தின் கடைசி நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

டோக்கியோதான் என்று கட்டாயமும் இல்லை. ஒசாகா பக்கத்துப் பழக்கம் மரப்பெட்டியில் அழுத்திச் செய்யும் சுஷி. அதைச் சொல்லித்தரும் வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். கியோட்டோவில் துணியில் முறுக்கி உருண்டையாக எடுக்கும் தெமரி சுஷி வகுப்புகள் உண்டு, ஆறு வயதுப் பிள்ளைகூடச் செய்துவிடும். நிகிரி மட்டும் டோக்கியோவின் சொத்து. அந்த ஊர் எடோவாக இருந்த காலத்தில், 1820களில், ஹனாயா யோஹெய் என்பவர் இதைப் பிரபலப்படுத்தினார் என்பார்கள். அப்போது இது தெருவோரத் தள்ளுவண்டிச் சாப்பாடு, அளவும் இப்போதையதைவிடப் பெரிது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க

என் தங்கை சுத்த சைவம். "வெஜிடேரியன் உண்டு" என்று பக்கத்தில் போட்டிருந்தாலும் நான் நம்பவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

சிக்கல் மீன் துண்டில் இல்லை, அது கண்ணுக்குத் தெரியும். சிக்கல் 'தாஷி' என்ற சாற்றில் இருக்கிறது. ஜப்பானியச் சமையலின் அடித்தளமே அதுதான், நமக்குப் புளிக்கரைசல் மாதிரி. பெரும்பாலும் கத்சுவோபுஷி என்ற காய்ந்த மீன் சீவலிலிருந்து எடுப்பார்கள். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டை மாதிரி ஆகும்வரை காயவைத்தது. ராமநாதபுரம், தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்: மாசிக் கருவாட்டின் ஒன்றுவிட்ட அண்ணன். இந்தச் சாறு மிசோ சூப்பில் இருக்கும், தமகோயாகியில் இருக்கும், இனாரி சுஷிக்கு உறையாகும் பொரித்த தோஃபுப் பையை வேகவைப்பதில் இருக்கும், கன்ப்யோ என்ற இனிப்பான சுரைக்காய் வற்றலிலும் இருக்கும். பார்த்தால் எல்லாமே சைவம். சில தயார் சுஷி வினிகர் பாட்டில்களில்கூட மீன் சாறு சேர்ந்திருக்கலாம்.

எனவே பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள்: மீன் தாஷி வேண்டாம், கொம்பு என்ற கடற்பாசியில் எடுத்த தாஷி சரி, சாதாரண அரிசி வினிகரில் சர்க்கரையும் உப்பும் கலந்தால் போதும். நேரில் சொல்ல ஒரு வாக்கியம்: "நிகு மோ சகானா மோ தபேமாசென்" (இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன்). கூடவே "சகானா நோ தாஷி மோ தாமே தேஸ்" (மீன் தாஷியும் கூடாது). 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் சிலர் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் புரிந்துகொள்வார்கள். அன்றைக்கே போய்ச் சொன்னாலும் பலன் குறைவு. சமையலறையில் எல்லாம் அளந்து எடுத்து வைத்திருப்பார்கள், மாற்றச் சொன்னால் அவர்களுக்கும் தர்மசங்கடம், நமக்கும் வெறும் வெள்ளரிக்காய்.

வெள்ளரிக்காய் என்றதும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். வெள்ளரிச் சுருளுக்குக் கப்பா மகி என்று பெயர், எந்தச் சுஷிக் கடையிலும் உண்டு. அவகாடோ, மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், ஊமெபோஷி என்ற உப்பில் ஊறிய புளிப்புக் காயும் ஷிசோ இலையும், இவற்றைக் கொண்டே ஒரு தட்டு நிரம்பிவிடும். நத்தோ என்ற நொதித்த சோயாவும் சைவம்தான். அதன் நூல் இழுக்கும் கொழகொழப்புக்கு நீங்கள் தயாரா என்பது வேறு கேள்வி.

ஹலால் பார்க்கிறவர்கள் மிரின், சாகே என்ற அரிசி மதுக்கள் சேர்கின்றனவா என்று கேட்க வேண்டும். இயற்கையாக நொதிக்கவைத்த சோயா சாஸிலும் கொஞ்சம் ஆல்கஹால் உண்டு. அசாகுசா பக்கம் முஸ்லிம் பயணிகளை மனதில் வைத்தே நடத்தும் வகுப்புகள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். கோதுமை ஒவ்வாமை இருந்தால் சோயா சாஸ் ஆபத்து. நண்டுக்குச்சி என்று தருவதில் நண்டு பெயருக்குத்தான், பெரும்பகுதி அரைத்த மீன். முட்டை வெள்ளையும் மாவும் சேர்ந்திருக்கும்.

இடமும் நேரமும்

டோக்கியோவில் வகுப்புகள் அதிகம் இருப்பது ட்சுகிஜியிலும் அசாகுசாவிலும். ட்சுகிஜி என்றதும் சூரை மீன் ஏலம் நினைவுக்கு வரும். அது இப்போது அங்கே இல்லை. மொத்த வியாபாரச் சந்தை 2018 அக்டோபரில் டோக்கியோவிலேயே டோயோசு என்ற இடத்துக்குப் போய்விட்டது. ஏலத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க முன்கூட்டியே விண்ணப்பித்துக் குலுக்கலில் தேர்வாக வேண்டும். ட்சுகிஜியில் மிஞ்சியிருப்பது வெளிச்சந்தை: மீன், கத்தி, கடற்பாசி, ஊறுகாய், சுடச்சுட முட்டை என்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் சந்துகள். ஞாயிற்றுக்கிழமையும் பல புதன்கிழமைகளும் நிறையக் கடைகள் மூடியிருக்கும். மற்ற நாட்களிலும் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் எடுத்து வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். சந்தையும் பார்க்க வேண்டும் என்றால் காலை வகுப்புதான்.

ஆனால் வந்து இறங்கிய மறுநாள் காலை ஒன்பது மணி வகுப்பைப் போடாதீர்கள். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. அவர்களுடைய ஒன்பது மணி உங்கள் வயிற்றுக்கு விடியற்காலை ஐந்தரை. அந்நேரத்தில் பச்சை மீன் இறங்காது.

ஹிபியா மெட்ரோ தடத்தில் ட்சுகிஜி நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், எதிரே ஒரு கட்டடம் நம்மை நிறுத்திவைக்கும். அஜந்தா குகை முகப்பை நினைவுபடுத்தும் வளைவு, தூண்கள். ட்சுகிஜி ஹோங்கான்ஜி என்ற பௌத்த ஆலயம் அது. இதோ ச்சூதா என்ற கட்டடக்கலைஞர் இந்தியப் பௌத்தக் கட்டடங்களின் சாயலில் வடிவமைத்தது, 1934-இல் முடிந்தது. வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டால் உள்ளே போய்ப் பார்க்கலாம், நுழைவுக் கட்டணம் இல்லை.

முன்னாலேயே வருவது முக்கியம். நிலையத்தில் எந்த வாசல் எண் வழியாக வெளியேற வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பு பெரும்பாலும் ஏதாவது குறுகிய கட்டடத்தின் மூன்றாவது, நான்காவது மாடியில் இருக்கும், கீழே ஒரு சிறு பலகைதான். ஐந்து நிமிடத் தாமதத்தையும் அவர்கள் முகத்தில் காட்டமாட்டார்கள், ஆனால் சோறு உங்களுக்காகக் காத்திருக்காது. கலக்கிற கட்டம் சூடாக இருக்கும்போதே நடந்தாக வேண்டும்.

கிளம்பும்போது வாசனைத் திரவியம் வேண்டாம். மல்லிகைப்பூ வைத்துப்போனால் யாரும் திட்டப்போவதில்லை, ஆனால் வினிகரும் கடற்பாசியும் மணக்கிற மேசையில் அது தூக்கலாகத் தெரியும். நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் வளையல் கழற்ற வேண்டும், தலைமுடியைக் கட்ட வேண்டும். காலணி கழற்றச் சொல்லும் இடங்கள் உண்டு, ஓட்டையில்லாத காலுறை போட்டுப் போங்கள். வயிறு காலியாக இருக்கட்டும். எட்டு நிகிரி, ஒரு முழுச் சுருள், சூப் என்று தட்டு சேர்ந்துவிடும். மிச்சத்தைக் கட்டித்தரச் சொன்னால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள், கெட்டுப்போகும் என்ற பயம்.

முதலில் சோறு

ஏப்ரன் கொடுப்பார்கள். கையை முழங்கைவரை கழுவச் சொல்வார்கள். அப்புறம் மேசைக்கு நடுவில் ஹங்கிரி வரும், வாயகன்ற தட்டையான மரத்தொட்டி. அதை முன்கூட்டியே தண்ணீரில் நனைத்துத் துடைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் மரம் வினிகரைக் குடித்துவிடும்.

அரிசி நம் பொன்னியோ பாஸ்மதியோ அல்ல. குட்டையான, வெந்தால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் ஜப்பானிய அரிசி. கோஷிஹிகாரி என்ற பெயரை அடிக்கடி கேட்பீர்கள். மூன்று நான்கு தண்ணீர் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தண்ணீர் குறைத்து வேகவைப்பார்கள். வினிகர் பின்னால் சேரப்போகிறதே, அந்த ஈரத்துக்கு இடம் விட வேண்டும்.

சுடுசோற்றைத் தொட்டியில் கொட்டியதும், வினிகர், சர்க்கரை, உப்பு கரைத்த கலவையை மரக்கரண்டியின் மேல் விட்டு, அது வழிந்து சோறெங்கும் பரவும்படி ஊற்றுவார்கள். இனிக் கிளறக் கூடாது. இங்கேதான் நம் ஆட்கள் தப்பு செய்கிறோம், தயிர்சாதம் பிசைகிற பழக்கம். கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, சோற்றை வெட்டுவதுபோல் கோடு கோடாக இழுத்து, அடியிலிருந்து மெல்லத் திருப்பிப் போட வேண்டும். பருக்கை உடையக் கூடாது, குழையக் கூடாது. எலுமிச்சை சாதம் கிளறுகிற கை வேண்டும், பொங்கல் கிளறுகிற கை வேண்டாம். என்னருகில் நின்ற ஆசிரியை நான்காவது இழுப்பிலேயே என் மணிக்கட்டைப் பிடித்து வேகத்தைக் குறைத்தார்.

பக்கத்தில் ஒருவர் விசிறுவார். சோற்றை ஆறவைக்க மட்டும் அல்ல, மேலே நிற்கும் ஈரம் பறந்து ஒவ்வொரு பருக்கையும் மினுங்க வேண்டும், அதற்காக. கடைசியில் உடம்புச் சூட்டுக்கு வந்ததும் ஈரத்துணி போட்டு மூடுவார்கள். குளிர்ந்த சோற்றில் நல்ல சுஷி வராது. பேரங்காடிச் சுஷிப் பெட்டிகள் கட்டை மாதிரி இருப்பதற்குக் காரணம் இப்போது புரியும். இந்தக் கட்டத்தில் ஒரு வாய் கேட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். வெறும் சோறு, அதில் கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. 'சுஷி' என்ற சொல்லே புளிப்பைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்ததுதான். ஆரம்பத்தில் மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் நொதிக்கவைத்து, சோற்றை எறிந்துவிட்டு மீனைச் சாப்பிட்டார்கள். பிவா ஏரிப் பக்கம் ஃபுனாசுஷி என்று இன்றும் அப்படிச் செய்கிறார்கள். அந்தப் புளிப்பைத்தான் பிற்பாடு வினிகர் ஊற்றிச் சீக்கிரமாகக் கொண்டுவந்தார்கள்.

சுருட்டுவது

பெரும்பாலும் சுருளில் தொடங்குவார்கள், இது எளிது. மூங்கில் குச்சிப் பாயை விரித்து, அதன் மேல் பாதியாக வெட்டிய நோரித் தாள், அதாவது காயவைத்த கடற்பாசித் தாள். நோரிக்குப் பளபளப்பான பக்கம் ஒன்று, சொரசொரப்பான பக்கம் ஒன்று. சொரசொரப்பு மேலே இருக்க வேண்டும், சோறு அதில்தான் பிடிக்கும். ஈரக்கையால் நோரியைத் தொடாதீர்கள், அப்பளம் மாதிரி உடனே நமுத்துப்போகும்.

ஒரு மெல்லிய சுருளுக்கு எண்பது கிராம் சோறு போதும். கை நிறைய எடுப்பது எல்லோரும் செய்கிற தவறு, நானும் செய்தேன், சுருள் மூடவில்லை. சோற்றை அழுத்தித் தேய்க்காமல் விரல்நுனியால் தள்ளிப் பரப்ப வேண்டும். எதிர்ப்பக்க ஓரத்தில் ஒரு விரல்கடை அளவு காலியாக விட வேண்டும், ஒட்டுவதற்கு. நடுவில் வெள்ளரிக்காய். பாயின் நம் பக்க ஓரத்தைத் தூக்கி, விரல்களால் வெள்ளரிக்காயை உள்ளே பிடித்துக்கொண்டே, சோற்றின் அந்த ஓரம் வரை ஒரே மூச்சில் கொண்டுபோய் வைக்க வேண்டும். தயங்கினால் உள்ளே இருப்பது நழுவும். பிறகு பாயோடு சேர்த்து ஒருமுறை மெதுவாக அழுத்தினால் சதுரமாகவோ உருண்டையாகவோ வடிவம் வரும்.

வெட்டும்போது கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஈரத்துணியில் துடைக்க வேண்டும். கீழ்நோக்கி அமுக்காமல் முன்னும் பின்னுமாக இழுத்து வெட்டுங்கள். முதலில் நடுவில் இரண்டாக, பிறகு இரண்டையும் சேர்த்து வைத்து மூன்று மூன்றாக. மொத்தம் ஆறு.

பிடிப்பது

நம்மவர்களுக்கு ஒரு சங்கடத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிகிரி இடது கை இல்லாமல் நடக்காது. மீன் துண்டு இடது உள்ளங்கையில்தான் படுக்கும். சாப்பாட்டுப் பொருளை இடது கையில் வாங்கக் கூசுகிற பழக்கம் எனக்கு நாற்பது வருடப் பழக்கம், முதல் இரண்டு துண்டுகளில் அந்தக் கை தானாகப் பின்வாங்கியது. நன்றாகக் கழுவிய கைதானே என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். பிறவியிலேயே இடதுகைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிச் செய்யலாம். ஆசிரியருக்கு எதிரே நின்றுகொண்டால் வசதி.

பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தேசு என்ற வினிகர் கலந்த தண்ணீர் இருக்கும். அதில் விரலை நனைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்து, ஒருமுறை கைதட்டி மிச்சத்தை உதறிவிடுங்கள். கை காய்ந்தால் சோறு ஒட்டும், சொட்டச் சொட்ட நனைந்தால் சோறு கரையும். கொழுக்கட்டைக்கு எண்ணெய் தொட்டுக்கொள்கிற அதே கணக்கு.

இப்போது இடது கையில், விரல்கள் தொடங்கும் இடத்தில் மீன் துண்டு. வலது கையில் பதினைந்து முதல் இருபது கிராம் சோறு, பெரிய நெல்லிக்காய் அளவு. அதை லேசாகச் சேர்த்து நீள்வட்டமாக்குங்கள். அதே வலது கையின் ஆள்காட்டி விரலால் வாசாபி என்ற பச்சை நிறக் கார விழுதைக் கொஞ்சம் எடுத்து மீனில் தடவி, சோற்றை அதன் மேல் வையுங்கள். இடது கைப் பெருவிரலால் சோற்றின் நடுவில் ஒரு சிறு குழி. அந்தக் குழிதான் உள்ளே காற்றை வைத்திருக்கும். பிறகு திருப்பிப் போட்டால் மீன் மேலே வரும். வலது கையின் இரண்டு விரலால் மேலே ஓர் அழுத்தம், பக்கங்களை ஒரு பிடி, மீன் மேலேயே இருக்க, முன்பக்கம் பின்னால் வரும்படி சுழற்றி இன்னொரு அழுத்தம். முடிந்தது.

எவ்வளவு அழுத்துவது என்பதை எழுதிப் புரியவைக்க முடியாது. எங்கள் ஆசிரியை என் கையை மேசைமேல் வைக்கச் சொல்லி, அதன்மேல் தன் விரலால் அழுத்திக் காட்டினார். குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற அளவு. கையில் எடுத்தால் உதிரக் கூடாது, வாயில் போட்டதும் உதிர வேண்டும். என் முதல் மூன்று துண்டுகள் பிடி கொழுக்கட்டையேதான், சுவரில் எறிந்தால் சுவர் வலிக்கும். ஏழாவதில்தான் அவர் தலையாட்டினார். இதை நீங்களும் கேட்டுப் பெறுங்கள், உங்கள் கைமேல் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டாலும் கை புரிந்துகொள்ளும்.

சால்மன் முட்டை மாதிரி வழுக்கும் பொருட்களுக்கு, சோற்றைச் சுற்றி நோரியை வேலி மாதிரி நிறுத்திச் செய்வார்கள். போர்க்கப்பல் வடிவம் என்பதால் குன்கன் என்று பெயர். 1941-இல் கின்சாவிலுள்ள ஒரு கடையில் பிறந்த வடிவம் இது. சுஷியில் நாம் மிகப் பழையது என்று நினைக்கும் பல விஷயங்கள் இப்படி நேற்று வந்தவை. பச்சைச் சால்மன் நிகிரியே 1980களில் நார்வேக்காரர்கள் தங்கள் மீனை ஜப்பானில் விற்கக் கிளம்பியதற்குப் பிறகுதான் பரவியது.

பச்சை மீனைப் பற்றி

பயம் நியாயமானது. அனிசாகிஸ் என்ற, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள வெள்ளை நூல் போன்ற புழுதான் முக்கியக் கவலை. வாசாபியோ வினிகரோ அதைக் கொல்லாது. ஜப்பான் சுகாதாரத் துறை சொல்லும் வழி, மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உறையவைப்பது, அல்லது நன்றாக வேகவைப்பது. "உறையவைத்த மீனா" என்று தாராளமாகக் கேளுங்கள். ஆம் என்றால் முகம் சுளிக்காதீர்கள், நிம்மதியடையுங்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பச்சையைத் தவிர்த்து வெந்த இறால், வாட்டிய விலாங்கு, முட்டை என்று கேட்டு வாங்கலாம்.

சாப்பிடும்போது

நிகிரியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது முறைதான். குச்சியோடு போராட வேண்டியதில்லை. துண்டைச் சாய்த்து மீன் பக்கத்தை மட்டும் சோயா சாஸில் தொடுங்கள். சோற்றை முக்கினால் உறிஞ்சிக்கொண்டு உடையும், சாம்பாரில் இட்லியை மிதக்கவிடுகிற சுகம் இங்கே இல்லை. முழுதாக ஒரே வாய். இஞ்சி ஊறுகாயைச் சுஷி மேல் வைக்காமல் ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் தனியாகச் சாப்பிடுங்கள். குச்சியைப் பிடித்தால் அதைச் சோற்றில் நட்டு வைக்காதீர்கள், குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு எதையும் மாற்றாதீர்கள். இரண்டும் சாவுச் சடங்கில் செய்வது.

வாசாபி மூக்கில் ஏறினால் பதறாதீர்கள். கடுகை அரைத்தால் ஏறுகிற அதே காரம், இரண்டும் ஒரே குடும்பம். முழுக் கடுகு காரமில்லை, அரைத்தால்தான் காரம், வாசாபியும் துருவினால்தான். வகுப்பில் உண்மையான வாசாபித் தண்டைத் துருவிக் காட்டினால் அந்த வகுப்புக்கு இன்னொரு மதிப்பெண் போடுங்கள். ட்யூபில் வருவதில் பெரும்பாலும் இருப்பது குதிரைமுள்ளங்கிதான், பச்சை நிறம் சேர்த்தது.

ஆரம்பிக்கும் முன் "இததாகிமாஸ்", முடித்ததும் "கொச்சிசோசாமா தேஷ்தா". இந்த இரண்டைச் சொன்னால் போதும், ஆசிரியர் முகம் மலர்ந்துவிடும்.

ஊருக்கு வந்த பிறகு

அசாகுசாவுக்கும் உயேனோவுக்கும் நடுவில் கப்பாபாஷி என்ற பாத்திரக்கடைத் தெரு இருக்கிறது. அங்கே ஹங்கிரியைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், பெட்டியில் அடங்காது. வீட்டில் அகலமான தாம்பாளம் போதும். கத்தி வாங்கினால் சரக்குப் பெட்டியில் மட்டும் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். மூங்கில் பாய் நூறு யென் கடையிலேயே கிடைக்கும். இரண்டு வாங்குங்கள். நோரி இரண்டு கட்டு.

ஒரு வாரத்துக்குள் செய்து பாருங்கள், கை மறக்கும் முன். 300 கிராம் ஜப்பானிய அரிசிக்கு 4 மேசைக்கரண்டி அரிசி வினிகர், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி உப்பு. முதல் தடவை மீனெல்லாம் வேண்டாம். நம் ஊர் மீன் கடையில் குழம்புக்கு வாங்குவதைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. உறையவைத்து அதற்கென்றே விற்பது கிடைத்தால் மட்டும். வெள்ளரிக்காயும் வெந்த இறாலும் வைத்து எட்டுச் சுருள் வரும். சோற்றை மட்டும் குளிர்பெட்டியில் வைத்துவிடாதீர்கள், அன்றே தீர்த்துவிடுங்கள்.

பாயைச் சோப்பு போடாமல் தேய்த்துக் கழுவி, வெயிலில் முறுகக் காயவையுங்கள். ஈரத்தோடு சுருட்டி இழுப்பறையில் போட்டால் ஐப்பசி மழையில் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். இரண்டு வாங்கச் சொன்னது அதனால்தான்.